கல்லிலும் தொட்டியிலும் வளரும் கற்றாழை வகைகள்

ஏர் ஓடாத பாறைச் சரிவு, வரகும் விளையாத சரளை மேடு, கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கற்குவியல், வீட்டு வாசலை ஒட்டிய கருங்கல் திட்டு ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இல்லாத கிராமம் நம் வறண்ட ஜில்லாக்களில் அரிது. இவ்விடங்களை ‘தரிசு’ என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இத்தகைய இடங்களையே தமக்குரிய இடமாகக் கொண்டு வாழும் செடிகள் சில உண்டு. தண்டு மிகவும் குறுகி, நீர் நிறைந்த தடித்த இலைகள் ஒரு நடுவைச் சூழ்ந்து, மலர்ந்த பூவின் இதழ்களைப்போல் வட்டமாக அடுக்கிய உருவம் கொண்டவை அவை. கற்றாழை இவற்றுள் யாவரும் அறிந்தது.

இச்செடிகளை விரும்பி வளர்ப்போரிற் பலர் ஒரே குறையைச் சொல்லுகின்றனர்: “தவறாமல் தினமும் தண்ணீர் விட்டேன், செடி அழுகிவிட்டது” என்பது. குறையின் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இவ்வகைச் செடிகள் வறட்சியால் மடிவது சிறுபான்மை. ஈரத்தால் மடிவதே பெரும்பான்மை. ஆதலின், இவற்றின் இயல்பு யாது, கல்தோட்டத்திலும் தொட்டியிலும் இவற்றை எவ்வாறு நிலைக்கச் செய்யலாம், பெருமளவிற் பயிரிட எண்ணுவோர் முன்னதாக எவற்றை யோசிக்க வேண்டும் என்பவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

செடியின் இயல்பு

நம் வீட்டு வாசல்களில் திருஷ்டி கழியும் பொருட்டுக் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிடுவது உண்டு. மண்ணும் இல்லை, நீரும் இல்லை. ஆயினும் அச்செடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. திருஷ்டியின் பயன் எவ்வாறாயினும், செடியின் வலிமைக்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. இலைகளுள் தேக்கி வைத்த நீரை அது சிறிது சிறிதாகச் செலவிட்டு வாழ்கிறது. அடி இலைகள் முதலில் சுருங்க, நடுக்குருத்து கடைசிவரையில் பசுமையாக நிற்கிறது.

இதற்கு ஒப்பான வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்துவந்தது. அங்கே ஆல்ப்ஸ் முதலிய மலைகளின் பாறையிடுக்குகளில் ‘செம்பர்விவம்’ என்னும் சிறு செடி வளர்கிறது. ‘என்றும் உயிருள்ளது’ என்பது அப்பெயரின் பொருள். வீட்டுக் கூரையில் அது வளர்ந்தால் இடி விழாது என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. பிராங்கு தேசத்து அரசர் சார்லமேன் காலத்தில், ஏறக்குறைய 800ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசாங்கப் பண்ணை விதிகளில், தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் இச்செடியை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியே காணப்படுகிறது. 1753ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் இச்செடியின் ஓர் இனத்துக்குப் பெயரிட்டபோது, ‘கூரைகளுக்குரியது’ என்று பொருள்படும் அடைமொழியையே சேர்த்தார். மண் ஓரங்குலமும் இல்லாத ஓட்டின்மேல் ஒரு செடி தலைமுறை தலைமுறையாக நிற்குமானால், அதன் தேவை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

வட்டமாக இலையடுக்கிய உருவமும் வீணாக அமைந்ததன்று. இலைகள் சுழல்முறையில் அமைவதால் ஒன்றன் நிழல் மற்றொன்றை முழுவதும் மறைப்பதில்லை. நெருங்கிய இலைகள் குறுகிய தண்டையும் அடிமண்ணையும் வெயிலினின்று காக்கின்றன. தூறலும் பனியும் இலையின் குழிவு வழியாக வேரடிக்கு வந்து சேருகின்றன. ஆனால், வேண்டாத காலத்தில் இதே குழிவு நீரைத் தேக்கிக் குருத்தை அழுகச் செய்வதும் உண்டு.

பகலில் மூடி இரவில் திறக்கும் இலை

பெரும்பாலான பயிர்கள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளுகின்றன. அவ்வேளையில் அத்துளைகளின் வழியாக நீர் ஆவியாக வெளியேறுகிறது. கற்றாழை முதலியவை இதற்கு மாறானவை. இவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலையில் சேர்த்து வைத்து, பகலில் சூரிய ஒளி கிடைத்ததும் அதனை மீண்டும் எடுத்து உணவாக்கிக்கொள்ளுகின்றன.

இவ்வுண்மையின் ஆரம்பக் குறிப்புகளில் ஒன்று நம் தென்னாட்டோடு தொடர்புடையது. தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தாவர சாஸ்திரியாக விளங்கிய பெஞ்சமின் ஹைன் என்பவர், நாம் ரணகள்ளி என்றும் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றும் வழங்கும் செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். அது காலையில் புளியாரையைப்போல் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றுக் கசந்தது. இதனை அவர் 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தாரின் வெளியீட்டில் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதே அச்சுவை மாற்றத்தின் காரணம் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. (ரணகள்ளியைக் கால்நடைகள் மிகுதியாகத் தின்றால் அவற்றுக்கு நஞ்சாகும்; ஆதலால் மேய்ச்சல் இடங்களில் அதனை வளர்த்தல் ஆகாது.)

இம்முறையால் உண்டாகும் நீர்ச் சிக்கனம் பெரிது. நெல், பயறு முதலிய சாதாரணப் பயிர்கள் 1 கிராம் கரியமில வாயுவைப் பெறுவதற்கு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் நீரை ஆவியாக இழக்கின்றன. சோளம், கரும்பு போன்றவை 250 முதல் 300 கிராம் இழக்கின்றன. கற்றாழை வகுப்பைச் சார்ந்த செடிகளோ 50 முதல் 100 கிராம் அளவே இழக்கின்றன. செலவு இவ்வளவு சிறியதாயிருக்கையில், தினந்தோறும் நீர் வார்ப்பது எதற்காக என்பதை வாசகர்களே யோசிக்கலாம். செடி குடியாத நீர் வேரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்றில்லாத அம்மண்ணில் வேர் மூச்சு முட்டி மடிகிறது. மடிந்த வேரில் பூஞ்சணமும் நுண்கிருமிகளும் புகுந்து அடித்தண்டை அழிக்கின்றன.

எதைத் தாங்கும் வலிமை?

வலிய செடி என்று ஒன்றைச் சொல்லும்போது, எதனைத் தாங்கும் வலிமை அதற்குண்டு என்பதையும் உடன் கேட்க வேண்டும். செம்பர்விவம் உறைபனியிலும் வெண்பனி மூடிய குளிரிலும் கெடாது. ஆயினும் நம் சமவெளிகளில் அது நிலைப்பதில்லை. ஏனெனில், அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவிலும் வெப்பம் தணியாத ஊரில் அது மெலிந்துபோகும். வெப்பமும் மழையும் ஒருங்கே சேர்ந்தால் சில நாட்களில் அழுகிவிடும். நம் ஆனைக் கற்றாழையோ சித்திரை வெயிலைச் சிறிதும் பொருட்படுத்தாது.

ஆகவே, அழகிய படத்தைக் கண்டு செடியை விலைக்கு வாங்குமுன், அதன் பிறப்பிடம் எது என்று விசாரித்தல் வேண்டும். உயர்மலைக் குளிர்நாட்டுச் செடியை மதுரையிலோ இராமநாதபுரத்திலோ வளர்க்க முயல்வது பணத்தை வீணாக்குவதாகும். உதகமண்டலம், கோடைக்கானல் போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் இருப்போர், மெக்ஸிகோ தேசத்து மலைகளினின்று வந்த எச்செவேரியா வகைகளைக் கல்லிடுக்குகளிலும் தொட்டிகளிலும் நன்கு வளர்க்கலாம். செம்பர்விவத்தையும், மழை நேரே விழாத இடத்தில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். சமவெளியில் இருப்போருக்குக் கீழ்க்கண்டவையே ஏற்றவை.

சமவெளிக்கு ஏற்ற வகைகள்

1. சோற்றுக் கற்றாழை. குமரி என்று வைத்தியர்கள் கூறுவது இதுவே. இதன் பூர்வீகம் அரேபியா தேசம். இளங்கன்றில் இலைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். இலைமேல் வெண்புள்ளிகளும் இருக்கும். வளர வளர இலைகள் வட்டமாகச் சுழன்று அடுக்கிக்கொள்ளும்; புள்ளிகளும் பெரும்பாலும் மறையும். ஆதலால் கன்றின் தோற்றத்தைக் கண்டு வேறு இனம் என்று மயங்கவேண்டுவதில்லை.

2. ஆனைக் கற்றாழை. இது அமெரிக்காக் கண்டத்தினின்று வந்தது. இலை 3 அடி முதல் 6 அடி வரையில் நீளும். ஓரத்தில் கொக்கி முட்களும் நுனியில் வலிய ஊசிமுள்ளும் உண்டு. ஒரு செடி 6 அடி முதல் 10 அடி வரையில் பரவக்கூடும். தோட்டத்தின் புறவெல்லைக்கே ஏற்றது.

3. நார்க் கற்றாழை. ‘சிசால்’ என்று வியாபாரத்தில் வழங்குவது. வளர்ந்த செடியின் இலையோரத்தில் பெரும்பாலும் முள் இராது. நுனியில் மட்டும் இருக்கும். கயிற்றுக்கு உதவும் நார் இதிலிருந்தே எடுக்கப்படுகிறது.

முதலாவதும் மற்ற இரண்டும் பெயரால் ஒன்றாயினும் குலத்தால் வேறானவை. வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்று உண்டு: இலையைக் குறுக்கே ஒடித்தால் சோற்றுக் கற்றாழை வழுவழுப்பான சோற்றோடு எளிதில் முறியும், மற்றவை நார் இழுத்துக்கொண்டு முறிய மறுக்கும்.

கல்தோட்டம் அமைக்கும் முறை

முதலில் நிலத்தின் வடிதிறனை அறிய வேண்டும். 1 அடி ஆழம் குழி எடுத்து, நீர் நிரப்பி ஒருமுறை வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பார்க்க. மணிக்கு 1 அங்குலத்துக்கும் குறைவாக வடியுமானால் அது ஈரம் தங்கும் நிலம். அங்கே தரை மட்டத்தில் நடுதல் ஆகாது. கரிசல் பூமிக்கும் களிமண் பூமிக்கும் இது பெரிதும் பொருந்தும். அவ்விடங்களில் 1½ அடி முதல் 2 அடி வரையில் மேடு எழுப்பி, அதன்மேலேயே தோட்டத்தை அமைக்க வேண்டும்.

மேட்டின் அடியில் உடைந்த செங்கல், சரளை முதலியவற்றைப் பரப்புக. அதன்மேல் செம்மண் 2 பங்கு, பருமணல் அல்லது தூசி சலித்து நீக்கிய சிறு கற்பொடி 2 பங்கு, நன்கு மக்கிய எரு 1 பங்கு சேர்த்த கலவையை இடுக. ஆற்று மணல் எடுப்பது அரசாங்கக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டதாதலின், கல்லுடைக்கும் இடங்களில் கிடைக்கும் பொடிக்கல்லும் நொறுக்கிய ஓடும் அதற்கு மாற்றாக நன்கு உதவும்.

கற்களை வெறுமனே மேலே வைத்தால் தோட்டம் கற்குவியலாகத் தோன்றும். மழையில் உருளவும் கூடும். ஒவ்வொரு கல்லையும் அதன் அகன்ற பக்கம் கீழாக வைத்து, மூன்றில் ஒரு பாகம் மண்ணுள் புதையச் செய்க. ஓர் ஊரில் கிடைக்கும் ஒரே ஜாதிக் கல்லைப் பயன்படுத்துதல் நலம். கருங்கல்லும் செம்பூரான்கல்லும் கலந்தால் இயற்கைத் தோற்றம் கெடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓரடி ஆழமாவது மண் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருங்கல் பிற்பகல் வெயிலில் மிகவும் சூடேறும். ஆதலால் கல்லின் மேற்குப் புறத்தில் ஆனைக் கற்றாழையையும் நார்க் கற்றாழையையும் நட்டு, கிழக்குப் புறத்தில் சோற்றுக் கற்றாழையை நடுக. சோற்றுக் கற்றாழைக்கு 1½ அடி முதல் 2 அடி இடைவெளி போதும்; ஆனைக் கற்றாழைக்கு 8 அடியாவது வேண்டும். நட்ட பிறகு செடியின் அடியைச் சுற்றி 1 அங்குல கனத்துக்குச் சிறு கூழாங்கற்களைப் பரப்பினால், அடியிலைகள் ஈரமண்ணைத் தொடாமல் உலர்ந்திருக்கும். மழைத்துளி தெறித்து மண் இலைமேல் படிவதும் நின்றுவிடும்.

மேட்டுச் சரிவுள்ள நிலங்களில் சம உயரக் கோட்டை அனுசரித்து அமைந்த வரப்புகளின்மேல் நார்க் கற்றாழையை 3 அடிக்கு ஒன்றாக நட்டால், வேர்கள் வரப்பைப் பிடித்துக்கொள்ளும். மழை நீரோடு மண் அடித்துச் செல்லப்படுவதும் குறையும்.

தொட்டியில் வளர்த்தல்

மெருகிடாத மண் தொட்டியே சிறந்தது. அதன் பக்கங்களின் வழியாகவும் ஈரம் உலரும். சிமெண்டுத் தொட்டியும் பழைய உரலும் உதவும்; ஆனால் அடியில் துளை இல்லாத பாத்திரம் எதுவாயினும் உதவாது.

தொட்டியின் அடியில் சரளைக்கல்லை நாலைந்து அங்குலம் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நெடுநாளாகப் பலரிடம் இருந்துவரும் எண்ணம். இது சரியன்று. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அதன் கீழுள்ள பெருங்கல்லின் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பாகம் முழுவதும் நீரால் நிறைந்த பின்னரே இறங்கும். ஆகவே ஈரம் தேங்கும் அடுக்கு, தொட்டியின் அடியில் நிற்பதற்குப் பதிலாகச் சரளைக்கு மேலே ஏறி வேரை நெருங்குகிறது. இதனை ஒரு பஞ்சுக் கட்டியைக்கொண்டு பரீட்சித்துப் பார்க்கலாம். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்துச் சொட்டு நிற்கும்வரையில் காத்திருந்து, பிறகு அதனைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மீண்டும் நீர் சொட்டும். உயரம் மிகுந்தால் வடிவு மிகும் என்பதும், ஒரே கலவையானால் ஆழமற்ற தொட்டியில் ஈரப்பங்கு அதிகம் என்பதும் இதனால் தெளிவாகும். எனவே துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டையோ கம்பி வலைத் துண்டையோ மட்டும் வைத்து, தொட்டி முழுவதும் ஒரே பருக்கன் கலவையால் நிரப்புதலே முறை. தொட்டிக் கலவையில் மண் 1 பங்கு, பொடிக்கல்லும் ஓட்டு நொறுங்கலும் 2 பங்கு, மக்கிய எரு ½ பங்கு என்ற அளவு போதுமானது.

செடியைவிட மிகப் பெரிய தொட்டி வேண்டுவதில்லை; வேர் எட்டாத மண் உலராது. இலை வட்டத்தைவிட ஓரிரு அங்குலம் அகன்ற தொட்டியே தகுதியானது. தொட்டியின்கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடலாகாது. வேர் அழுகுவதோடு, டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரில் உற்பத்தியாவதும் அறிந்ததே. கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடம், அலுவலகம் முதலிய இடங்களில் தொட்டிகள் வைக்கும்போது தட்டுகளை நீக்கிவிட்டு, மூன்று சிறு கற்களின்மேல் தொட்டியை நிறுத்தும்படி செய்வது நலம்.

கன்று பிரித்தலும் நடுதலும்

சோற்றுக் கற்றாழை விதையால் பெருகுவது அரிது. தாய்ச்செடியின் அடியில் தோன்றும் பக்கக் கன்றுகளே அதன் வம்சத்தை வளர்க்கின்றன. நாலைந்து இலைகளும் சொந்த வேரும் உள்ள கன்றைக் கூரிய கத்தியால் பிரித்து, நிழலில் 3 முதல் 7 நாள் வரையில் வைத்திருக்க வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து தோல் மூடிய பிறகே நடலாம். பிரித்த அன்றே நட்டு நீர் வார்த்தால், அந்தப் புண்ணின் வழியே அழுகல் புகும். நட்ட பின்னும் ஒரு வாரம் நீர் வார்க்காதிருப்பது நலம்.

தொட்டிகளில் நடுவதற்குத் தை, மாசி மாதங்கள் சிறந்தவை. மானாவாரிக் கல்தோட்டத்தில் ஆடி, ஆவணித் தூறலோடு நட்டுவிட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன்னரே வேர் பிடித்துக்கொள்ளும்.

நார்க் கற்றாழை பக்கக் கன்றாலும், பூத்தண்டில் தோன்றும் குறுங்கன்றுகளாலும் பெருகும். இக்குறுங்கன்றுகளின் உயிர்வலிமைக்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1893ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிண்டார்ப் என்னும் ஜெர்மானியர், அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 1000 குறுங்கன்றுகளைத் தருவித்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றார். நெடும் பிரயாணத்தில் 62 மட்டுமே பிழைத்தன. இன்று தான்ஸானியா என்று வழங்கும் அந்நாட்டின் பெரிய நார்த் தோட்டத் தொழில் அந்த 62 செடிகளிலிருந்தே தொடங்கிற்று.

நீரும் எருவும்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரையில், பெய்கிறது. இச்செடிகளுக்கு ஆபத்தான காலம் இதுவே. அப்போது தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட்டு நீர் வார்ப்பதை அடியோடு நிறுத்துக. தை, மாசியில் 15 நாட்களுக்கு ஒருமுறையும், பங்குனி முதல் ஆனி வரையில் 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறையும் தொட்டிக்கு நீர் விட்டால் போதும். நாளைக் கணக்கிடுவதைவிட மண்ணைப் பார்ப்பது மேல்: ஒரு குச்சியை 2 அங்குலம் செருகி எடுத்து, அதில் ஈரமண் ஒட்டாதிருந்தாலே நீர் விடுக. விடும்போது துளை வழியே வெளியேறும்வரை நன்றாக விட்டு, பின்னர் முற்றும் உலரவிட வேண்டும். தினமும் சிறிதளவு தெளிப்பது இரண்டு வகையிலும் கேடானது. நடுக்குருத்தில் நீர் தேங்கலாகாது. வேர்பிடித்த கல்தோட்டச் செடிக்குக் கடும் கோடையில் மாதம் இருமுறைக்கு மேல் நீர் வேண்டுவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, மழை நின்றபின், ஒரு பிடி மக்கிய எரு இடுக. எரு மிகுந்தால் இலை பெருத்து மென்மையாகும். மென்மையான இலையே முதலில் அழுகுவது.

நிழலில் நெடுநாள் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெந்து பழுப்பேறும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குக. கோடையில் சோற்றுக் கற்றாழை செம்பழுப்பு நிறம் கொள்வது நோயன்று. மழை வந்ததும் பசுமை திரும்பும். இலைகள் நீண்டு தளர்ந்து சாயுமானால் வெளிச்சம் போதாது என்று அறிக.

நோயும் பூச்சியும்

அடியிலை நிறம் மாறி, நீர்கோத்து, துர்நாற்றத்தோடு குழைந்தால் அது அழுகல் நோய். மருந்து தேடிக் காலம் போக்காமல் செடியைப் பிடுங்கி, அழுகிய பாகம் முழுவதையும் வெட்டி நீக்குக. நடுக்குருத்து உறுதியாக இருந்தால் உலர்த்திப் புதிய மண்ணில் நடலாம். அதுவும் குழைந்திருந்தால் செடியை அழித்துவிடுக. பயன்படுத்திய கத்தியைக் கொதிநீரில் நனைக்காமல் அடுத்த செடியைத் தொடலாகாது.

இலைக்கக்கத்தில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி தோன்றினால், ஆரம்பத்தில் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மிகுந்தால் சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ மாலை வேளையில் தெளிக்கலாம். எறும்பு ஏறும் செடியை முதலில் சோதிக்க. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீரை நாடியே எறும்பு வருகிறது.

பூப்பதும் மடிவதும்

ஆனைக் கற்றாழையும் நார்க் கற்றாழையும் ஒரே முறை பூப்பவை. பல ஆண்டுகள் சேர்த்து வைத்த சக்தியையெல்லாம் ஒரே பூத்தண்டில் செலவிட்டுவிட்டு, பூத்தபின் தாய் வட்டம் காய்ந்துவிடும். ஆனைக் கற்றாழை 10 முதல் 30 ஆண்டுகள் வரையில் காத்திருந்து, 20 அடிக்கு மேலும் உயர்ந்த தண்டை எழுப்பும். செம்பர்விவமும் இவ்வாறே பூத்து மடிவது. இதனை நோயென்று கருதி வருந்த வேண்டா. சுற்றிலும் நிற்கும் கன்றுகள் அவ்விடத்தை நிரப்பிவிடும். சோற்றுக் கற்றாழை இவ்வாறன்று. அது பூத்த பின்னும் தொடர்ந்து வாழும்.

பயனும் எச்சரிக்கையும்

சோற்றுக் கற்றாழையின் தோலை ஒட்டி ஊறும் மஞ்சள் பாலும், உள்ளிருக்கும் சோறும் வெவ்வேறானவை. பாலைக் காய்ச்சி எடுப்பதே கரியபோளம். அது கடுமையான பேதி மருந்து. ஆதலால் இலையை வெட்டியதும் வெட்டுவாய் கீழாக நிறுத்திப் பாலை வடித்து, தோலையும் நீக்கி, சோற்றைப் பலமுறை கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது. ஆனைக் கற்றாழையின் சாற்றில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன; அது உடலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். வெட்டுவோர் கையையும் கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். நுனிமுள் மாட்டின் கண்ணைக் குத்தக்கூடுமாதலின், நடைபாதைக்கும் மாட்டுத் தடத்துக்கும் 6 அடியாவது விலக்கி நடுக.

பெருமளவிற் பயிரிட நினைப்போர் கவனிக்க வேண்டியது மற்றொன்று. 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு 7260 சோற்றுக் கற்றாழைக் கன்றுகள் வேண்டும். கன்றுக்கு ஒரு ரூபாய் விலை கூடினாலும் ஏக்கருக்கு 7260 ரூபாய் கூடுகிறது. விளைந்த இலையை முழுவதும் தாமே வாங்கிக்கொள்வதாக வாய்ச்சொல் கூறிக் கன்றுகளை மிகுந்த விலைக்கு விற்றுவிட்டு, அறுவடைக் காலத்தில் காணப்படாத தரகர்களால் நஷ்டமடைந்தோர் உண்டு. வெட்டிய இலை விரைவில் கெடுவதாகையால் வைத்திருந்து விற்கவும் இயலாது. வண்டி ஒரே நாளில் சென்று திரும்பும் தூரத்தில் இலையை வாங்கும் ஆலை இருக்கிறதா என்பதை நேரில் பார்த்து, விலையையும் எடுக்கும் அளவையும் எழுத்து மூலமாகப் பெற்ற பின்னரே நிலத்தைத் திருத்துக. நார்க் கற்றாழையின் இலையில் நார் நூற்றுக்கு 4 பங்கு அளவே. 1000 கிலோ இலைக்குச் சுமார் 40 கிலோ நாரே எதிர்பார்க்கலாம். இலையைக் குளத்திலும் ஏரியிலும் ஊறவைத்து நார் எடுத்தால் நீர் கெட்டு மீன் மடியும். கால்நடைக்கும் அந்நீர் உதவாது. கிராம அதிகாரிகள் இதனை ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும்.

மேலும், எளிதில் வளரும் அயல்நாட்டுச் செடி கட்டுக்கடங்காமல் பரவுவதும் எளிதே. சப்பாத்திக் கள்ளியை வேலிக்கென்று வைத்துப் பின்னர் நிலங்களை இழந்த கதையை நம் முன்னோர் அறிவர். 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வகைச் செதிற்பூச்சியே அக்கள்ளியைப் பெரும்பாலும் ஒழித்தது. ஒவ்வொரு கேட்டுக்கும் அத்தகைய பூச்சி கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே, நார்க் கற்றாழையின் பூத்தண்டு, குறுங்கன்றுகள் உதிருமுன் வெட்டி அப்புறப்படுத்தப்படல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் இச்செடிகளை நடுதல் கூடாது.

விவசாயிகள் முதலில் வாசலிலுள்ள கல்திட்டில் ஐந்தாறு கன்றுகளை மேற்கூறிய முறைப்படி நட்டு, ஓர் அடைமழைக் காலமும் ஒரு கோடையும் கடக்கும்வரையில் கவனித்து வருவார்களாக. அக்கன்றுகள் அழுகாமல் நின்றால் வடிகால் சரியாக அமைந்தது என்று கொள்ளலாம். பின்னர் அவற்றின் பக்கக் கன்றுகளே அடுத்த வரப்புக்கும் அண்டை வீட்டுத் தொட்டிக்கும் போதுமானவையாகும். கன்றை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இராது.